கிருத்திகைக்கு மறுநாள் நீலம்

என் மனைவிக்குச் சர்க்கரை வியாதி என்பதை முதலில் கண்டுபிடித்தவன் நான்தான். டாக்டர் இல்லை. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. அவளுடைய கண்ணைக் காப்பாற்ற என் கையில் இருந்ததெல்லாம் சர்க்கரையைச் சோதித்துப் பார்க்கிற அந்த ஒரு வேலைதான். அதை நான் எப்படிச் செய்தேன் என்று எழுதிவைக்கத் தோன்றுகிறது. எனக்குப் பேசிப் பழக்கமில்லை. எழுதுவது கொஞ்சம் சுலபமாக இருக்கிறது.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். கோயம்புத்தூரில் ரயில் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு டாக்டரின் ஆஸ்பத்திரியில் பாட்டில் கழுவும் வேலைக்குச் சேர்ந்தேன். டாக்டர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், கிறிஸ்தவர், அப்போதே தலை முழுக்க நரைத்தவர். நான் அதிகம் பேசாமல் இருப்பது அவருக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். மூன்றாம் வருஷம் லேப் வேலையைக் கற்றுக்கொடுத்தார். லேப் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். மாடிப்படிக்குக் கீழே குனிந்து நுழைய வேண்டிய ஓர் அறை. ஒரு மேஜை, ஒரு ஸ்பிரிட் விளக்கு, கண்ணாடிக் குழாய்கள், சுவரில் ஒரு கடிகாரம். மூத்திரத்தில் சர்க்கரை பார்ப்பது, ரத்தம் எவ்வளவு வேகமாகப் படிகிறது என்று பார்ப்பது, இன்னும் இரண்டு மூன்று சோதனைகள். பெரிய சோதனைகளுக்கு வேறு இடத்துக்கு அனுப்புவார்.

சர்க்கரை பார்ப்பது சின்ன வேலை. நீல மருந்தைக் குழாயில் ஊற்றி, அதில் எட்டுச் சொட்டு மூத்திரம் விட்டு, விளக்கில் காட்டிக் கொதிக்க வைக்க வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சையானால் கொஞ்சம். பிறகு மஞ்சள், ஆரஞ்சு. கடைசியில் செங்கல் நிறம். அதற்கு மேல் நிறம் கிடையாது.

என் மனைவி சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் ரீலிங்கில் இருந்தாள். கதிரில் இருக்கிற நூலைச் சிட்டமாக, பெரிய வளையக் கட்டாகச் சுற்றும் பகுதி அது. அங்கே எல்லாம் பெண்கள்தான். நூல் அறுந்தால் அறுந்த நுனியைக் கண்டுபிடித்து முடிச்சுப் போட வேண்டும். அவள் அதில் கெட்டிக்காரி. முடிச்சுப் போட்ட இடத்தை விரலால் தடவினால்கூடத் தெரியாது என்று மேஸ்திரியே சொல்லியிருக்கிறார்.

அவளுக்கு முப்பத்திரண்டு வயது இருக்கும்போது ஓயாமல் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தாள். வேலை நடுவில் அடிக்கடி வெளியே போகிறாள் என்று மேஸ்திரி முணுமுணுத்தார். வீட்டுக் குளியலறையில் எறும்பு வரிசை வரிசையாக வந்தது. நான் ஒருநாள் அவளிடம் ஒரு பாட்டிலைக் கொடுத்து, மறுநாள் லேப்புக்கு வரச் சொன்னேன். எட்டுச் சொட்டு விட்டுக் கொதிக்க வைத்தேன். பச்சையோ மஞ்சளோ வருவதற்குக்கூட நேரமில்லை, நேராகச் செங்கல் நிறத்துக்குப் போய்விட்டது.

அவள் வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தாள்.

"செவந்துபோச்சுங்களே, நல்லதுங்களா கெட்டதுங்களா?"

"கெட்டது."

"அட சாமி. செவந்தா நல்லதுன்னுல்லங்க நம்மூட்ல மருதாணிக்குச் சொல்லுவாங்க" என்று சிரித்தாள். அந்த வயதில் அவளுக்கு எதைக் கேட்டாலும் சிரிப்பு முதலில் வரும்.

டாக்டர் ஊசி போடச் சொன்னார். தினமும் காலையில் மில் சங்கு ஊதுவதற்கு முன்னால் சிரிஞ்சைக் கொதிக்க வைத்து நானே போட்டேன். "சாப்பிடாத நாள்ல மட்டும் ஊசி போட்டுறாதே, மயக்கம் வந்துரும்" என்று டாக்டர் எச்சரித்திருந்தார். மாதம் ஒரு தடவை மூத்திரம் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்.

"மாசம்னா எந்தத் தேதிங்க?" என்று வீட்டில் அவள் என்னைக் கேட்டாள். "எனக்குத் தேதியெல்லாம் நெனப்பு நிக்காதுங்க. கிருத்திகைக்கு மக்யா நாள்னு வெச்சுக்கலாங்களா? அதுன்னா மறக்காது."

எனக்கு அது வசதியாகத்தான் பட்டது. சரி என்றேன்.

கிருத்திகை அன்று அவள் முருகனுக்கு விரதம் இருப்பாள். பால், பழம் என்று சிலர் இருப்பார்களே, அப்படி இல்லை. வெறும் தண்ணீர். மில்லுக்கும் போவாள், எட்டு மணி நேரம் நிற்பாள், வீட்டுக்கு வந்து எனக்குச் சோறாக்குவாள், தான் மட்டும் உண்ண மாட்டாள். அன்றைக்கு நான் ஊசி போடுவதில்லை. டாக்டர் சொன்னபடிதானே செய்கிறோம் என்றிருந்தேன். மறுநாள் காலையில் பாட்டிலைக் கொடுத்துவிட்டுத்தான் விரதத்தை முடிப்பாள்.

முதல் மாதம் குழாய் இளம்பச்சையாக நின்றது. இரண்டாம் மாதம் நீலம். நான் குழாயைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். பிறகு சீட்டில் 'நீலம்' என்று எழுதி டாக்டர் மேஜையில் வைத்தேன். அவர் சீட்டைப் பார்த்து, "பரவாயில்லையே, உன் வீட்டம்மா சொன்ன பேச்சுக் கேக்கிற ஆளு" என்றார். மூன்றாம் மாதமும் நீலம். நான்காம் மாதமும். ஊசி மருந்தைக் குறைத்தார். ஆறு மாதத்தில் பாதியாகக் குறைந்தது. அடுத்த வருஷம் புதிதாக வந்திருந்த மாத்திரையை மட்டும் கொடுத்துவிட்டு, ஊசியை நிறுத்திவிட்டார்.

அன்றைக்கு அவள் சிரிஞ்சு டப்பாவைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்தாள். "இனிமே எனக்கு நீங்க ஊசி போடற சாக்குல காலங்காத்தால கிள்ள முடியாது" என்றாள்.

ஊசி நின்று ஏழெட்டு மாதம் கழித்து அவளுக்கு அசதி வந்தது. கெண்டைக்கால் எரிகிறது என்றாள். மில்லிலிருந்து வந்ததும் படுத்துவிடுவாள். டாக்டர் அவளைப் பார்த்துவிட்டு, "ஒரு ஈ.எஸ்.ஆர். போட்டுரு" என்றார்.

ஈ.எஸ்.ஆர். என்பது ரத்தம் படிகிற சோதனை. ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மருந்தைக் கலந்து, நீளமான மெல்லிய கண்ணாடிக் குழாயில் வாயால் உறிஞ்சி, மேலே பூஜ்யம் போட்ட கோடு வரைக்கும் ஏற்ற வேண்டும். பிறகு ஸ்டாண்டில் அசையாமல் நேராக நிறுத்திவைக்க வேண்டும். சிவப்பு கீழே இறங்கும், மேலே தெளிந்த மஞ்சள் நீர் நிற்கும். ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்கியது என்று பார்ப்பதுதான் கணக்கு. நல்ல உடம்பில் ரத்தம் மெதுவாக இறங்கும். உள்ளே எங்காவது சீழோ வேக்காடோ இருந்தால் வேகமாக இறங்கும்.

ஆயிரம் பேருடைய ரத்தத்தை அப்படி உறிஞ்சியிருக்கிறேன். அவளுடையதை உறிஞ்சும்போது கோட்டைத் தாண்டிவிட்டது, இறக்கி மறுபடி ஏற்றினேன். குழாயை நிறுத்திவிட்டு எதிரே உட்கார்ந்தேன். வேறு வேலை இருந்தது, ஆனாலும் எழுந்திருக்கவில்லை. கால் மணி நேரத்திலேயே சிவப்பு முப்பதைத் தாண்டிவிட்டது. ஒரு மணி ஆனபோது எழுபத்தெட்டு. பெண்களுக்கு இருபது வரை இருக்கலாம்.

ஸ்டாண்டு சாய்ந்திருக்குமோ என்று பார்த்தேன். சாயவில்லை. மறுநாள் மறுபடி எடுத்தேன். எண்பது.

டாக்டர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சர்க்கரை நீலமா இருக்கு. ரத்தம் மட்டும் ஏன் இப்படி ஓடுது? உள்ளே எங்கேயோ வேக்காடு இருக்குப்பா. எங்கேன்னு இந்தக் குழாய் சொல்லாது." நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார், காசம் இல்லை. காது, தொண்டை பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை.

அந்த மாதங்களில்தான் அவள் இல்லாத நூலைப் பிடிக்க ஆரம்பித்தாள்.

ரீல் ஓடிக்கொண்டிருக்கும்போது, அறுந்த நூல் ஒன்று தொங்குவது போல அவள் கண்ணுக்குத் தெரியும். சட்டென்று கையை நீட்டிப் பிடிப்பாள், அங்கே நூல் இருக்காது. பக்கத்து ரீலில் இருந்த பெண் வீட்டுக்கு வந்தபோது என்னிடமே அதைச் சொல்லிச் சிரித்தாள். "ஏனுங்கண்ணா, உங்க ஊட்டுக்காரி காத்துலயே முடிச்சுப் போடறாளுங்க. இப்படியே போனா மில்லே வேண்டாம், காத்துலயே சேலை நெய்துபோடுவா."

அவள் போன பிறகு நான் மனைவியைக் கேட்டேன்.

"நெசமாலுமே தெரியுதுங்க" என்றாள். "கருப்பு நூலாட்ட. நான் இக்கட்டப் பாத்தா அதும் இக்கட்ட வருது, அக்கட்டப் பாத்தா அக்கட்டப் போவுது. மொதல்ல பஞ்சுத் தூசின்னு நெனச்சுக் கண்ணைக் கழுவிப்போட்டனுங்க. போவலை."

திருச்சி ரோட்டில் ஒரு கண் டாக்டர் இருந்தார். எங்கள் டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். அவர் அவள் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, இருட்டறையில் உட்கார வைத்து, வெளிச்சம் வைத்த ஒரு சின்னக் கருவியைத் தன் கண்ணருகில் பிடித்து, மூக்கும் மூக்கும் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். அவள் கூச்சத்தில் மூச்சை அடக்கிக்கொண்டாள். பார்த்து முடித்ததும் அவர் என் பக்கம் திரும்பி, "நீ லேப் ஆள்தானே, வா, நீயும் பார்" என்றார்.

நான் வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் போய்ப் பார்த்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. ஆரஞ்சு நிறத்தில் ஒரு தரை, அதில் வேர் மாதிரி ஓடும் ரத்தக் குழாய்கள். நடுநடுவே ஊசியால் குத்தினது போலச் சிவப்புப் புள்ளிகள், மெழுகு சொட்டினது போல மஞ்சள் திட்டுகள். ஒரு ஓரத்தில் சிவப்பு கொஞ்சம் பரவி நின்றது. பதினாறு வருஷம் என்னைப் பார்த்த கண்ணின் உள்ளே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளும் அங்கிருந்து பார்க்கிறாள், ஆனால் மருந்து விட்டதால் அவளுக்கு நான் தெரியவில்லை.

"உள்ளே ரத்தம் கசியுது" என்றார் கண் டாக்டர். "சர்க்கரையாலேயும் இப்படி வரும். ஆனா சர்க்கரை நல்லாக் கட்டுல இருக்குன்னு உங்க டாக்டர் எழுதியிருக்கார். ஈ.எஸ்.ஆர். எண்பதுன்னும் எழுதியிருக்கார். அப்ப எங்கேயோ சீழ் இருந்து கண்ணுக்கு விஷம் ஏறுது." அவள் வாயைத் திறக்கச் சொல்லி ஒரு கரண்டியால் பல்லைத் தட்டினார். "இங்கேதான் இருக்கும்" என்றார்.

ஏழு பல்லைப் பிடுங்கினார்கள். இரண்டு பல்லில் உண்மையாகவே பூச்சி இருந்தது. மற்ற ஐந்தும் நல்ல பல் மாதிரிதான் எனக்குத் தெரிந்தது. பல் டாக்டர் அவற்றை ஒரு பீங்கான் தட்டில் போட்டபோது ஒவ்வொன்றும் சத்தம் போட்டது. அவள் வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு குதிரை வண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். வீட்டுக்கு வந்ததும் பஞ்சை எடுத்துவிட்டு, "இனி கரும்பு கேக்க மாட்டேன், டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்" என்றாள். வார்த்தையெல்லாம் காற்றாக வந்தது.

பதினைந்து நாள் கழித்து ரத்தம் எடுத்தேன். ஐம்பத்திரண்டு. டாக்டர் என் தோளில் தட்டினார். அதற்கு அடுத்த மாதம் எண்பத்திரண்டு. யாரும் தோளில் தட்டவில்லை. நூல் ஒன்றாக இருந்தது இப்போது மூன்று நான்காகத் தொங்குவதாக அவள் சொன்னாள்.

அந்தச் சமயத்தில் டாக்டர் தன் மகள் கலியாணத்துக்காக ஊருக்குப் போக வேண்டியிருந்தது. திரும்பி வர மூன்று வாரம் ஆகும். "போறதுக்கு முன்னாடி உன் வீட்டம்மாவுக்கு எல்லாம் பார்த்து வெச்சிரு. நாளைக்கே கூட்டிட்டு வா" என்றார். கிருத்திகைக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. நான் அதை யோசிக்கவேயில்லை.

மறுநாள் காலையில் அவள் கொடுத்த பாட்டிலிலிருந்து எட்டுச் சொட்டு விட்டுக் கொதிக்க வைத்தேன். செங்கல் நிறம்.

மருந்து கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்தேன். வேறு பாட்டில் நீல மருந்தை எடுத்துச் செய்தேன். செங்கல். கடைசியில் என்னுடையதையே எட்டுச் சொட்டு விட்டுப் பார்த்தேன். நீலம். மூன்று குழாயும் வரிசையாக நின்றன. மருந்தில் தப்பில்லை.

அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். போய் நின்றேன்.

"நேத்து என்ன சாப்பிட்டே?"

"எப்பவும் போலத்தானுங்க. காத்தால ராயிக்களி, மத்தியானம் சோறு, சாங்காலம் ரெண்டு பணியாரம். ஏனுங்க?"

"செவந்துபோச்சு."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நானு அப்பவே நெனச்சனுங்க" என்றாள். "விரதம் முடிச்ச அன்னிக்கு வந்தா நல்லா வருது. எதுக்கு இப்பத் திடுதிப்புன்னு கூப்புடறீங்கன்னு. முருகன் பாத்துக்கறதைக் கெடுத்துப்போட்டீங்க."

அந்த நொடியில்தான் எனக்கு விளங்கியது. விரதமும் எனக்குத் தெரியும், சோதனையும் எனக்குத் தெரியும். முப்பது மணி நேரம் ஒன்றும் தின்னாதவளின் மூத்திரத்தில் சர்க்கரை எங்கிருந்து வரும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. நிறம் பார்க்கத்தான் கற்றிருந்தேன். நிறம் எதனால் வந்தது என்று யோசிக்கக் கற்கவில்லை.

"அது முருகன் இல்லை. பட்டினி" என்றேன்.

"அப்ப அந்த நீலமெல்லாம் சாமி குடுத்ததில்லீங்களா?"

நான் கையிலிருந்த சீட்டில் 'செங்கல்' என்று எழுதினேன்.

"டாக்டருங்ககிட்டச் சொல்லிப்போடாதீங்க" என்றாள். "அவிங்க வேதக்காரங்க. நம்ம விரதத்தால அவிங்க மருந்து தப்பாப்போச்சுன்னா என்ன நெனப்பாங்க?"

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் சீட்டைப் பார்த்து, கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"என்னம்மா இது? என்ன சாப்பிட்டே?"

"ஒரம்பரை ஊட்ல கலியாணமுங்க" என்றாள் அவள். "நாலு லட்டு தின்னுபோட்டனுங்க. தப்புத்தானுங்க."

அவள் அதைப் பொய் என்று நினைத்துச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் முன்னால் 'உங்கள் மருந்து கேட்கவில்லை' என்று சொல்ல மாட்டோம். நம் மேல் ஒரு தப்பைப் போட்டுக்கொள்வோம், அதுதான் மரியாதை. கண் எப்படி இருக்கிறது என்று டாக்டர் கேட்கும்போதெல்லாம் "தேவலைங்க, உங்க புண்ணியத்துல" என்றுதான் அவள் சொல்லிவந்தாள். வீட்டில் என்னிடம் மட்டும்தான் நூலைப் பற்றிப் பேசுவாள்.

டாக்டர் சிரித்துவிட்டார். "சரி, லட்டு ஒருநாளோட போகட்டும்." ஊருக்குப் போகிற அவசரம். மாத்திரையையே தொடரச் சொல்லி எழுதினார்.

நான் கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். சொல்ல வேண்டியது நாக்கில் நின்றது. சொன்னால், இரண்டு வருஷமாக நான் எழுதிக் கொடுத்த ஒவ்வொரு நீலமும் வீண் என்று ஆகும். என்னை நம்பித்தான் அவர் ஊசியை நிறுத்தினார். அவளையும் பொய்க்காரி ஆக்க வேண்டும். திரும்பி வந்த பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். வீட்டில் அவளுக்குப் பணியாரத்தை நிறுத்தினேன், சோற்றைக் குறைத்தேன். ஊசி போடச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. டாக்டர் திரும்பி வந்தார். அடுத்த சோதனை மறுபடியும் கிருத்திகைக்கு மறுநாள் வந்தது, மறுபடியும் நீலம் வந்தது. அது பொய் நீலம் என்று தெரிந்தே சீட்டில் எழுதினேன். இன்னும் இரண்டு மாதம் அப்படியே எழுதினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு வாசலிலிருந்து உள்ளே வந்தாள். குடத்தைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து, "ஏனுங்க, செவுத்துல யாராச்சும் சாயத் தண்ணி ஊத்துனாங்களா?" என்று கேட்டாள்.

சுவர் சுண்ணாம்பு அடித்து வெள்ளையாக இருந்தது.

"எங்கே?"

"மேல இருந்து வழியுதுங்க. செவப்பா. இந்தா, கீழ வரைக்கும் வந்துபோச்சு." அவள் வலது கண்ணைக் கையால் மூடினாள். "இப்ப இல்லீங்க." கையை எடுத்தாள். "இருக்குது." அப்போதுதான் அவளுக்கே புரிந்தது. குடத்துக்குப் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலத்துக்குள் சிவப்பு கறுப்பாகிவிட்டது.

திங்கட்கிழமை நான் டாக்டர் அறைக்குள் கூப்பிடாமலே போனேன். இருபது வருஷத்தில் அது முதல் தடவை.

"ஐயா, அந்த நீலமெல்லாம் பட்டினி நீலமுங்க" என்றேன்.

அவருக்கு முதலில் புரியவில்லை. விரதத்தைப் பற்றிச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"எத்தனை மாசமா?"

"மொதல்ல இருந்தேங்க."

"உனக்குத் தெரியுமா?"

"விரதம் தெரியுமுங்க. அதும் இதும் ஒண்ணுக்கொண்ணு சேரும்னு தெரியாதுங்க. அன்னிக்குச் செவப்பு வந்தப்பத்தான் தெரிஞ்சுது."

"அது ஆகி நாலு மாசம் இருக்குமே."

"ஆமாங்க."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "ஒருநாள் வேற தேதியில பாருன்னு நான் சொல்லியிருக்கணும். நானும் நீலத்தைப் பார்த்து சந்தோஷப்பட்டுட்டேன்" என்றார்.

"ஊசியை நிறுத்தாம இருந்திருந்தா கண்ணு நின்னிருக்குங்களா ஐயா?"

கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"தெரியாதுப்பா. உனக்கு ஆறுதலுக்குச் சொல்லலை. சர்க்கரையை ஒழுங்கா வெச்சிருந்தவங்களுக்கும் கண்ணு போயிருக்கு. கண்டபடி விட்டவங்களுக்கு இருபது வருஷம் நின்னிருக்கு. பெரிய பெரிய டாக்டருங்களே இதுல இன்னும் சண்டை போட்டுக்கிட்டிருக்காங்க."

"அந்த ஈ.எஸ்.ஆருங்க?"

"அது எதனாலேன்னும் தெரியாது. பல்லு போனது மட்டும் தெரியும்."

தப்பு முழுக்க என்னுடையது என்று அவர் சொல்லியிருந்தால் அதைச் சுமந்துகொண்டு இருந்திருப்பேன். இல்லவே இல்லை என்று சொல்லியிருந்தால் இறக்கி வைத்திருப்பேன். இரண்டுக்கும் வழியில்லாமல் போயிற்று.

பரணிலிருந்து சிரிஞ்சு டப்பாவை எடுத்தோம். மறுபடியும் காலையில் ஊசி. இப்போது எந்த நாளில் பார்த்தாலும் பச்சைக்கு மேல் போகாமல் வைத்திருந்தேன். அவள் கிருத்திகை விரதத்தை விட்டுவிட்டாள்.  ஈ.எஸ்.ஆர். எழுபதுக்கும் எண்பதுக்கும் நடுவில் நின்றது. மாதாமாதம் அதையும் பார்த்தேன். பார்த்து என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

சென்னையில் பெரிய கண் ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை கூட்டிப் போனேன். காலையிலிருந்து வரிசையில் நின்று மத்தியானம் ஒரு டாக்டர் பார்த்தார். வயது குறைந்தவர், அவசரப்படாமல் பேசினார். வலது கண்ணில் இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை, இடது கண்ணிலும் அதே மாதிரிப் புது ரத்தக் குழாய்கள் முளைத்திருக்கின்றன என்றார். வெளிநாட்டில் எங்கோ பலமான வெளிச்சத்தைப் பாய்ச்சி அந்தக் குழாய்களைச் சுட்டுப் பார்க்கிறார்களாம், அந்த மிஷின் இங்கே கிடையாது, வந்தாலும் எப்போது வருமோ தெரியாது என்றார். அவள் கைகூப்பி, "ரொம்பச் சந்தோசமுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

மில்லில் அவளை ரீலிங்கிலிருந்து எடுத்துக் கழிவுப் பஞ்சு பொறுக்கும் இடத்தில் போட்டார்கள். கொஞ்ச நாளில் அங்கிருந்தும் நின்றுவிட்டாள்.

கண் டாக்டர்கள் பார்வை ரொம்பக் குறைந்தவர்களுக்கு எதிரே விரலைக் காட்டி எத்தனை என்று கேட்பார்கள். எத்தனை அடி தூரத்தில் சரியாகச் சொல்கிறார்கள் என்பதுதான் கணக்கு. அதை நான் வீட்டில் செய்ய ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெயில் உள்ளே விழும்போது அவளை வாசலுக்கு நேரே உட்கார வைத்து, எதிரே நின்று விரலைக் காட்டுவேன். முதலில் பத்தடியில் சொன்னாள். மழைக்காலத்தில் ஆறடி. தைப் பொங்கல் நோம்பிக்கு மூன்றடி. ஒவ்வொரு தடவையும் நான் ஒரு எட்டு முன்னால் வருவேன். பிறகு ஒரு மாதிரி நின்றது. இரண்டடியில் நின்றால் தவறாமல் சொன்னாள். வாரா வாரம் சரியாகவே சொன்னாள். இந்த அளவிலேயே நின்றுவிட்டது என்று டாக்டரிடம்கூடச் சொன்னேன்.

ஒரு ஞாயிறு நான் எதிரே போய் நின்றபோது, ஈக்கள் மொய்க்கிற சோற்றுப் பானையை மூடுவதற்காகத் திரும்பினேன். இரண்டு கையாலும் தட்டைப் பிடித்திருந்தேன்.

"மூணுங்க" என்றாள் அவள்.

நான் தட்டை வைத்துவிட்டு நின்றேன். கையைத் தூக்காமலே, "இப்ப?" என்றேன்.

"ரெண்டுங்க."

எதிரே வந்து உட்கார்ந்தேன். நான் எப்போதும் முதலில் மூன்று, பிறகு இரண்டு என்றே காட்டிவந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவள் எத்தனை ஞாயிறு இப்படிச் சொல்லிவந்தாள் என்று தெரியவில்லை.

"நான் கையே தூக்கலை, புள்ளே."

அவள் முகம் என் குரல் வந்த பக்கம் திரும்பியது. நான் உட்கார்ந்திருக்கிறேன் என்பது தெரியாமல், நிற்கிறவனுடைய முகம் இருக்கும் உயரத்தைப் பார்த்துப் பேசினாள். அவளுக்குக் கோபம் வந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

"ஏனுங்க, இப்படி வேவு பாப்பீங்களா? தெரியலை, தெரியலைன்னு நான் வாராவாரம் சொன்னா நீங்க என்ன செஞ்சுபோடுவீங்க? சொல்லுங்க பாக்கலாம். இன்னொரு குழாயில ரத்தம் எடுப்பீங்க. அதைப் பாத்துப்போட்டு ராத்திரி சோறு உங்காம படுத்துக்குவீங்க. வேற என்னங்க செய்வீங்க?"



வெயில் அவள் மடியிலிருந்து நகர்ந்து தரைக்குப் போகும் வரைக்கும் இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். பிறகு அவள் கையை நீட்டித் துழாவினாள். நான் என் கையைக் கொடுத்தேன்.

"எந்திரிச்சு நிக்கோணும், புடிங்க" என்றாள். "அடுப்பு எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்க, மீதியை நானே பாத்துக்கறேன்."